யாரும் தொடாவிட்டால் எது திறக்கும்

ஜூன் 4

சின்னவளுக்கு,

பென் டிரைவ் வந்து சேர்ந்தது. பள்ளிச் சின்னத்து ஆந்தையின் இடது கண்ணைச் சரிசெய்திருக்கிறாய். எம்பிராய்டரி மெஷினில் ஏற்றித் துணியில் ஒன்று போட்டும் பார்த்தேன். முன்பு மாறுகண் மாதிரி இருந்தது, இப்போது நேராகப் பார்க்கிறது. பள்ளிக்கூடத்துக்காரர்கள் இதிலும் ஏதாவது குறை கண்டுபிடிப்பார்கள், அது வேறு விஷயம்.

இந்தத் தடவை சொல்ல வந்தது துணியைப் பற்றி இல்லை, கம்ப்யூட்டரைப் பற்றி. பள்ளிக்கூடம் இனிமேல் ஆர்டரை எல்லாம் இணையதளத்தில்தான் போடுமாம். நாம் அதைத் திறந்து பார்த்து "சரி" என்று அழுத்தினால்தான் வேலை நமக்கு வரும். நம் கம்ப்யூட்டரில் அந்தப் பக்கம் திறக்கவில்லை. உலாவி பழையது என்கிறது. புதியதை இறக்கப் போனால், விண்டோஸே பழையது என்கிறது. என் போனில் பார்க்கலாம் என்றால் அளவுக் கட்டம் பாதிதான் தெரிகிறது.

தெருமுனை ரிப்பேர் கடைக்காரரைக் கூப்பிட்டு வந்து காட்டினேன். மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இந்த வயசுல இதுக்கு என்னத்த வைத்தியம் பாக்குறது? எல்லாத்தையும் துடைச்சுட்டு லேசா ஒண்ணு போட்டுத் தர்றேன். டிசைன் வேணும்னா நெட்ல படத்தை அனுப்புங்க, மறுநாளே செஞ்சு அனுப்பிடுவாங்க" என்றார். என் வீட்டுக்காரர் உடனே, "துடைங்க. அவங்க சாமான் இன்னும் எதுக்கு இங்க கிடக்குது?" என்றார். 'அவங்க' என்றால் நீயும் உன் வீட்டுக்காரரும்தான், வேறு யார்?

எம்பிராய்டரி மென்பொருளைப் போட்டு, ஃபோல்டர் போட்டு அடைவு அடைவாகப் பிரித்து வைத்தது நீ. உன்னைக் கேட்காமல் துடைக்க எனக்கு மனசு வரவில்லை. கேட்டுச் சொல்கிறேன் என்று அவரை அனுப்பிவிட்டேன்.

போனில் கேட்டிருக்கலாம். போன வாரம் பேசியபோது என்ன ஆயிற்று? நீ "சொல்லுங்கக்கா" என்றதும் இவர் என் பக்கத்தில் வந்து நின்றார். அங்கே உன் பக்கத்தில் கொழுந்தனார் வந்து நின்றது எனக்குத் தெரியாமலா போகும்? கடைசியில் இரண்டு பேரும் வெயிலைப் பற்றிப் பேசிவிட்டு வைத்தோம். அண்ணனும் தம்பியும் வீட்டைப் பிரித்துக்கொண்டு முகம் பார்க்காமல் இருக்கிறார்கள். வீட்டுக்கு மருமகளாக வந்த நாம் இரண்டு பேரும் வெயிலைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. பென் டிரைவோடு கடிதம் வைத்துவிடுவதே நல்லது. டிசைன் என்று மேலே எழுதிவிட்டால் இந்த உறையை இரண்டு வீட்டிலும் யாரும் பிரிக்கப் போவதில்லை.

அக்கா

ஜூன் 9

அக்காவுக்கு,

துடைக்க விடாதீர்கள்.

அந்தக் கம்ப்யூட்டருக்கு நினைவகம் இரண்டு ஜிபி, டிஸ்க் நூற்று அறுபது. வயதானதுதான், கெட்டுப்போனது இல்லை. பழைய விண்டோஸை அதன் இடத்தில் விட்டுவிட்டு, பக்கத்திலேயே, விண்டோஸ் மாதிரியே கம்ப்யூட்டரை ஓட்டுகிற லினக்ஸில் லேசான ஒன்றைப் போடலாம். இதற்கு டூயல் பூட் என்று பெயர். சுவிட்சைப் போட்டதும் ஒரு பட்டியல் வரும். எது வேண்டுமோ அதைத் தேர்ந்தெடுக்கலாம். ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஓடும். இணையதளத்துக்குப் புதியது. டிசைனுக்கும் ஸ்கேனருக்கும் பழையது.

மூன்று பென் டிரைவ் அனுப்பியிருக்கிறேன், ஒவ்வொன்றிலும் ஒரு வகை லினக்ஸ். குழம்பாமல் இருக்க நூல் கட்டியிருக்கிறேன்.

சிவப்பு நூல், பப்பி. மொத்தமும் நினைவகத்திலேயே உட்கார்ந்துகொள்ளும். வேகம். ஆனால் எல்லாம் புது இடத்தில் இருக்கும்.

நீல நூல், ஆன்டிஎக்ஸ். மூன்றில் குறைவாகச் சாப்பிடுவது இதுவாகத்தான் இருக்கும். அலங்காரம் எதிர்பார்க்காதீர்கள்.

மஞ்சள் நூல், லுபுண்டு. மற்ற இரண்டையும்விடக் கொஞ்சம் கனம். உங்களுக்குப் பழகிய முகம்.

சுவிட்ச் போட்டவுடன் எஃப்12-ஐத் தட்டிக்கொண்டே இருந்தால் எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும். பென் டிரைவைத் தேர்ந்தெடுங்கள். டிஸ்க்கில் எதையும் போடாமலே பார்க்கலாம். ஒவ்வொன்றிலும் பள்ளிக்கூடத்துப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். திறக்கிறதா, கட்டம் முழுதாகத் தெரிகிறதா, அவ்வளவுதான் பரீட்சை. முகம் லட்சணமாக இருக்கிறதா என்பதெல்லாம் பிறகு.

பிடித்ததைப் போடும்போது, புதியதற்கு இருபத்தைந்து ஜிபி கொடுத்தால் தாராளம். அதற்கு முன்னால் டிசைன் அடைவு முழுவதையும் வெளியே நகல் எடுத்துவிடுங்கள். இது முக்கியம்.

உங்கள் கம்ப்யூட்டர்தான் இப்போது. முடிவு உங்களுடையது.

சின்னவள்

ஜூன் 17

சின்னவளுக்கு,

கடைசி வரியைப் படித்தேன். 'உங்கள் கம்ப்யூட்டர்.' அன்றைக்குச் சாமான் பிரித்தபோது கரண்டி வரைக்கும் எண்ணினார்களே, கம்ப்யூட்டரை நடுவில் வெட்ட முடியாது என்று இங்கே விட்டுப் போனது யார்? நானா வேண்டும் என்று கேட்டேன்? சரி, விடு.

மூன்றையும் போட்டுப் பார்த்தேன். பப்பி கண்ணை மூடித் திறப்பதற்குள் வந்து நிற்கிறது. ஆனால் எது எங்கே என்று தேடுவதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. இவர் எட்டிப் பார்த்து, "நாய்க்குட்டிதானே, பழக்கினா பழகும்" என்றார். வீடு பிரிந்த பிறகு இந்த மனிதர் அடித்த முதல் ஜோக். ஆன்டிஎக்ஸ் வேலைக்காரப் பிள்ளை. சொன்னதைச் செய்கிறது. ஆனால் எழுத்து பொடி. கண்ணாடி போட்டும் ஊசி கோக்கிற மாதிரி குனிய வேண்டியிருக்கிறது. பெரிதாக்கலாம் என்று நீ சொல்வாய். எங்கே போய்ப் பெரிதாக்குவது என்று கண்டுபிடிக்கவே அந்தப் பொடி எழுத்தைத்தான் படிக்க வேண்டும்.

மஞ்சள் நூல் சரிப்பட்டு வந்தது. கீழே இடது மூலையில் பட்டன், அழுத்தினால் பட்டியல், நம் பழையது மாதிரியே. பக்கம் திறந்தது, கட்டம் முழுதாகத் தெரிந்தது. ஆந்தைக்கே புது ஆர்டர் காத்துக்கொண்டிருந்தது, மேல்சட்டைக்கு முதுகுப் பக்கம் பெரிதாக வேண்டுமாம். சரி என்று அழுத்திவிட்டேன். ஆகவே லுபுண்டு.

இப்போது ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. இவர் சொல்கிறார்: "லேசா ஒண்ணு போட்டா போதும்னு கடைக்காரர் சொல்றாரு. இவ மட்டும் ரெண்டும் வேணும்கிறா. ஏன்? பழசு இருக்கற வரைக்கும் இந்த வீட்டுல அவளுக்கு ஒரு இடம் இருக்கும், அதான்." அப்படியெல்லாம் இருக்காது என்று சொன்னேன். சொல்லிவிட்டு மெஷினில் போய் உட்கார்ந்த பிறகு எனக்கும் அந்தக் கேள்வி போகவில்லை. மனதில் வைத்துக்கொண்டு சிரித்துப் பேச எனக்கு வராது, உனக்கே தெரியும். அதனால் நேராகக் கேட்கிறேன். இரண்டும் எதற்கு?

அக்கா

ஜூன் 22

அக்காவுக்கு,

பெரியவர் சொன்னது பாதி சரி.

பழையதைத் துடைத்தாலும் உங்கள் தையல் நிற்காது. மெஷினில் பென் டிரைவ் போடும் துளை இருக்கிறது. டிசைனை வெளியே வாங்கலாம். எனக்குக் கொடுப்பதைவிடக் கொஞ்சம் கூடக் கேட்பார்கள், ஆனால் கிடைக்கும். கடைக்காரர் பொய் சொல்லவில்லை.

நிற்பது என் வேலை. புதிதாக வரைவதை இங்கே இவருடைய லேப்டாப்பில் வரைந்துவிடுகிறேன். ஆனால் நமக்கு வருவதில் பெரும்பங்கு பழைய டிசைனில் திருத்தம்தான். அது எல்லாம் அந்தக் கம்ப்யூட்டரில் இருக்கிறது. நீங்கள் எடுத்து அனுப்புகிறீர்கள், நான் திருத்தி அனுப்புகிறேன். அது போனால் எனக்கு என்று கையில் ஒரு வேலை இல்லை. இங்கே நாள் முழுக்க நான்கு சுவர்தான். இவர் காலையில் போனால் விளக்கு வைத்த பிறகுதான் வருகிறார். உங்கள் உறை வருகிற நாள்தான் எனக்கு நாளாக இருக்கிறது.

இதைச் சொல்லாமல் "இரண்டும் இருப்பதே நல்லது" என்று மட்டும் சொன்னது சரியில்லை. இப்போது சொல்லிவிட்டேன். துடைப்பதானால் துடையுங்கள். ஒன்றும் நினைக்க மாட்டேன் என்று எழுத மாட்டேன். நினைப்பேன். ஆனால் சண்டைக்கு வர மாட்டேன்.

இரண்டும் வைப்பதானால் வழிமுறை பின்பக்கம் எழுதியிருக்கிறேன். விண்டோஸை முறையாக நிறுத்திவிட்டுத் தொடங்குங்கள். 'பக்கத்தில் நிறுவு' என்பதைத் தேர்ந்தெடுங்கள், 'டிஸ்க்கை அழி' என்பதைத் தவறியும் தொடாதீர்கள். யாருக்கு எவ்வளவு இடம் என்று ஒரு கோடு காட்டும். இழுத்து இருபத்தைந்தில் வையுங்கள்.

சின்னவள்

ஜூலை 1

சின்னவளுக்கு,

போட்டாயிற்று. நானே போட்டேன், கடைக்காரர் இல்லாமல். சுவிட்சைப் போட்டால் பட்டியல் வருகிறது. மேலே லுபுண்டு, கீழே உன் விண்டோஸ். இரண்டும் திறக்கிறது. மேலேயும் கீழேயும் நான்கைந்து தடவை போய்ப் போய் வந்தேன், சின்னப் பிள்ளை மாதிரி.

நீ நேராகப் பதில் எழுதினாயே, அது எனக்குப் பிடித்தது. துடைக்கவில்லை. இவரிடமும் சொல்லிவிட்டேன், அவள் வேலை அவளுக்கு இருக்கட்டும் என்று. முணுமுணுத்தார். பிறகு பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

அந்தக் கோடு வந்தது. இருபத்தைந்தில் வைக்கப் போனேன். இவர், "அவங்களுக்கு நூத்தி முப்பத்தஞ்சு, நமக்கு இருபத்தஞ்சா? இது எந்த ஊர் நியாயம்?" என்றார். எனக்கும் சுருக்கென்றுதான் இருந்தது. வீடு பிரிக்கையில் உங்களுக்கு அறை குறைந்துவிட்டது என்று கொழுந்தனார் தெருவில் நின்று பேசியதை நான் மறக்கவில்லை. இதிலாவது யாரும் யாரையும் சொல்ல முடியாதபடி சரிபாதியாக இருக்கட்டும் என்று இழுத்தேன். கோடு நடுவுக்கு வர மாட்டேன் என்றது. பழைய பக்கம் நிரம்பி வழிகிறதாம்.

சரி என்று விண்டோஸுக்குத் திரும்பப் போய்ப் பார்த்தால், ஒவ்வொரு டிசைனும் இரண்டு இரண்டாக இருக்கிறது. தையல் அடைவில் ஒன்று, ஸ்கேன் அடைவில் அதே பெயரில் இன்னொன்று, அதோடு பெரிய பெரிய படங்கள். மெஷின் சாப்பிடுவது தையல் அடைவில் இருப்பதைத்தான். அதை வெளியே நகல் எடுத்துக்கொண்டு, ஸ்கேன் அடைவை அழித்துவிட்டேன். குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன். எப்படியும் கிளம்பும்போது அவள் எல்லாவற்றுக்கும் நகல் எடுத்துக்கொண்டுதான் போயிருப்பாள் என்று இவர் சொன்னார். எடுத்திருந்தாலும் தப்பில்லை, உன் உழைப்புதானே.

இப்போது கோடு சரியாக நடுவில். எண்பதுக்கு எண்பது. பார்க்கவே திருப்தியாக இருக்கிறது.

முதுகுக்குப் போட ஆந்தையைப் பெரிதாக்கி அனுப்பு.

அக்கா

ஜூலை 5

அக்காவுக்கு,

ஸ்கேன் அடைவில் இருந்தது இரண்டாவது நகல் இல்லை. அதுதான் மூலம். தையல் அடைவில் இருப்பது மெஷினுக்காக அதிலிருந்து எடுத்த வெறும் ஊசிக் குத்து. அதை அப்படியே தைக்கலாம். இழுத்துப் பெரிதாக்கினால் நூலுக்கு நூல் இடைவெளி விழுந்து துணி தெரியும். திருத்துவதற்கு மூலம் வேண்டும்.

கண்ணைத் திருத்த அந்தப் பெயரில் இருந்த இரண்டையும் நீங்கள் அனுப்பியதில் ஆந்தை மட்டும் இன்னும் என்னிடம் இருக்கிறது; முன்பு திருத்தி அனுப்பிய மற்றதை எல்லாம் இங்கே வைத்துக்கொள்ளவில்லை. பெரிதாக்கி இதோடு வைத்திருக்கிறேன்.

காலி செய்த இடத்தில்தான் புதியதைப் போட்டிருக்கிறீர்கள். அதனால் மீட்கவும் முடியாது.

என்னிடம் நகல் இல்லை. கிளம்புகிற அன்று இவர் எடுத்துக்கொள்ளச் சொன்னார். நாம் இரண்டு பேரும் சேர்ந்து செய்தது, அக்காவிடம் கேட்காமல் எடுத்தால் அது திருட்டு என்று சொல்லிவிட்டு வந்தேன். கேட்கலாம் என்றால் அன்றைக்கு நீங்கள் அறையை விட்டு வெளியே வரவில்லை.

இனி எனக்காக அந்தப் பழையதை வைத்திருக்க வேண்டாம். இடம் அடைக்கும்.

சின்னவள்

ஜூலை 10

சின்னவளுக்கு,

நீ நகல் எடுக்கவில்லை என்று படித்ததும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். வெட்கமாக இருந்தது. வேறு சொல் தெரியவில்லை.

இவரிடம் சொன்னேன். "சும்மா சொல்லுவா, நகல் இல்லாமலா இருக்கும்?" என்றார். "அவ சும்மா சொல்றவ இல்ல. நாமதான் இத்தனை நாளா அவளைச் சும்மா சொல்லிக்கிட்டு இருந்தோம்" என்றேன். சாப்பிடக் கூப்பிட்டதும் வந்து உட்கார்ந்தார். பேசாமலே இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார், தட்டைத் தட்டி.

இரண்டும் ஒன்று என்று நினைத்தது என் புத்தி. முக்கியம் என்று நீ அடிக்கோடு போட்டு எழுதியிருந்தும், முழுவதையும் நகல் எடுக்காதது என் திமிர். உன்னிடம் இருக்கும் என்று நம்பிக் கை வைத்தது எல்லாவற்றையும்விட மோசம். இதற்குமேல் எழுத எனக்குத் தெரியவில்லை. பதில் போடு.

அக்கா

ஜூலை 26

சின்னவளுக்கு,

நீ பதில் போடவில்லை. நம்மிடம் சட்டைக்குப் பெயர் தைக்கிற நீச்சல் கிளப்புக்குப் புது எழுத்துகள் மட்டும் வந்தன, உறைக்குள் ஒரு துண்டுத்தாள்கூட இல்லை. உறையைத் தலைகீழாகத் தட்டிப் பார்த்தேன். எழுத்துகள் நன்றாக வந்திருக்கின்றன. எனக்குக் கோபம் இல்லை. நீ திட்டி எழுதியிருந்தால் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

ஒன்று கேள். எந்தப் புது டிசைன் மெஷினில் ஏறினாலும் அதன் முதல் துணியை நான் விற்பதில்லை, நினைவிருக்கிறதா? இஸ்திரி போட்டு, பின்பக்கம் என்ன நூல், எந்தப் பக்கமாக ஓட்டியது என்று பென்சிலால் எழுதி, பிஸ்கட் டப்பாவில் போடுவேன். நீ அதை 'அக்காவோட கந்தல் மியூசியம்' என்பாய். தூக்கிப் போடுங்கள், பூச்சி வரும் என்பாய். வீடு பிரித்தபோது அந்த டப்பாக்களை யாரும் பங்கு கேட்கவில்லை. கட்டிலுக்கு அடியில் அப்படியே இருக்கின்றன.

ஒவ்வொன்றாக எடுத்துத் தையல் அடைவோடு ஒத்துப் பார்த்தேன். ஏறக்குறைய எல்லாம் இருக்கிறது. ஓரிரண்டு கிளப்புகளுடையது இல்லை, அவர்கள் கடையை மூடிப் போய்விட்டார்கள். துணியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நீ மறுபடி வரைந்துவிடுவாய். வேலை இழுக்கும். நூல் ஓட்டம் புரியாத இடத்தில் நான் சொல்கிறேன், தைத்தது நான்தானே.

தபாலில் அனுப்ப மாட்டேன். வழியில் தொலைந்தால் மிச்சமும் போச்சு. நீ இங்கே வந்துதான் பார்க்க வேண்டும். இவர் முகத்தை உம்மென்று வைத்துக்கொள்வார். அவர் முகம், அவர் வைத்துக்கொள்ளட்டும்.

இன்னொன்றும் செய்திருக்கிறேன். சுவிட்சைப் போட்டதும் வருகிற பட்டியல் பத்து விநாடிதான் காத்திருக்கிறது. யாரும் எதையும் தொடாவிட்டால் மேலே இருக்கிற லுபுண்டு தானாகத் திறக்கிறது. நான் காலையில் சுவிட்சைப் போட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவேன். வந்து பார்த்தால் எப்போதும் அதுதான் திறந்திருக்கும். உன்னுடையது கீழே கிடக்கும். நாள் போகப் போக அதைத் திறக்காமலே இருந்துவிடுவேன் என்று பயம் வந்தது.

கடைக்காரரிடம் போய், கீழே இருப்பதை முதலாவதாக ஆக்க முடியுமா என்று கேட்டேன். "பழசையா?" என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். கறுப்புத் திரையில் தட்டித் தட்டி, ஒரு வரியில் இருந்த பூஜ்யத்தை எடுத்துவிட்டு எண் போட வேண்டும். முதலில் தப்பாகப் போட்டுவிட்டேன், நினைவகச் சோதனை என்று ஏதோ ஓட ஆரம்பித்தது. எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்குமாம், அது யாருக்குத் தெரியும்? மறுபடி எண்ணிப் போட்டேன்.

இப்போது யாரும் தொடாவிட்டால் உன்னுடையதுதான் திறக்கிறது. இவர் காலையில் செய்தி படிக்க வந்து உட்கார்கிறார். மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் பத்து விநாடி போய்விடுகிறது. "இதை யாரு மாத்துனது?" என்றார். "நான்தான்" என்றேன். அப்புறம் கண்ணாடியைக் கம்ப்யூட்டர் பக்கத்திலேயே வைத்துவிட்டுப் போனார்.

மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது. நூல் பெட்டிகளை எல்லாம் இறக்கிவிட்டேன்.

அக்கா

ஜூலை 31

அக்காவுக்கு,

டப்பாக்களை வெயிலில் காய வைக்காதீர்கள், நூல் வெளுத்துவிடும். ஏற்கெனவே வைத்திருப்பீர்கள். இனி வேண்டாம்.

வெள்ளிக்கிழமை காலை வண்டியில் வருகிறேன். போகட்டுமா என்று இவரிடம் கேட்கவில்லை, போகிறேன் என்றேன். "எங்க தங்குவ?" என்றார். "என் கம்ப்யூட்டர் இருக்கற வீட்டுல" என்றேன். போய் லேப்டாப் பையை எடுத்து வைத்தார். இரவு படுக்கப் போகும்போது, அண்ணனுக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டு வா என்றார். கேட்டது அவர் என்று சொல்லக் கூடாதாம்.

போன உறையில் கடிதம் வைக்காதது கோபத்தில்தான். நிறைய எழுதினேன், எழுதியதைக் கிழித்தேன். அந்த டிசைன்கள் போனது வலித்தது. நான் எடுத்திருப்பேன் என்று நீங்களும் நினைத்தது அதைவிட வலித்தது. இப்போதும் முழுசாகப் போகவில்லை. நேரில் இரண்டு வார்த்தை திட்டுவேன், வாங்கிக்கொள்ளுங்கள்.

சரிபாதிக் கோட்டை மாற்றாதீர்கள். அது அப்படியே இருக்கட்டும். மூலம் எல்லாம் போன பிறகு என் பக்கம் காற்றாடுகிறது, இடத்துக்குக் குறைவில்லை. இந்தத் தடவை இரண்டு நகல் எடுப்போம், ஆளுக்கு ஒன்று.

வெள்ளிக்கிழமை நான் வந்து சேரும்போது கம்ப்யூட்டர் திறந்திருக்கட்டும். பழையது எழுந்து உட்கார நேரம் எடுக்கும். நீங்கள் சுவிட்சைப் போட்டுவிட்டு எதையும் தொடாமல் இருந்தால் போதும்.

சின்னவள்